மணலில் தொடங்கிய கல்வி

பேச்சிப்பாறை அணை 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கோதையாற்றைத் தேக்கி, அது நாஞ்சில் நாட்டு வயல்களை வாழ்வித்து வருகிறது. அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1806 ஏப்ரல் 25 அன்று, ஐரோப்பியர் ஒருவர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இந்நாட்டுக்குள் அடிவைத்தார். வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே என்பது அவர் பெயர், வயது முப்பத்தைந்து. அவர் கைக்கொண்டு வந்த செல்வம் தமிழ்.

சைலீசியாவில் 1770இல் பிறந்த அவர், ஜெர்மனியின் ஆலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். 1797இல் கல்கத்தா வந்தார். ஆனால் அங்கு நிலைத்திருக்க இயலாமல் 1799இல் தாயகம் திரும்பினார். தோல்வியுற்ற இளைஞர் மீண்டும் கடல் கடக்கத் துணிந்தார். இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் கரையிறங்கி, ஓராண்டுக்கும் மேலாக அங்கே தங்கித் தமிழ் கற்றார்.

தரங்கம்பாடி அதற்கு ஏற்ற ஊர். அதே ஆலேயில் பயின்ற சீகன்பால்கு, 1706 ஜூலையில் அங்கு வந்திறங்கியபோது தமிழ் கற்பதற்கு அச்சு நூல் எதுவும் அவர் கைக்கு எட்டவில்லை. எனவே திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை மாணவர்களுடன் தம் இல்லத்திற்கே வரச் செய்தார். சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து, விரலால் மணலில் எழுதி எழுத்துகளைப் பழகினார். பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் படித்தார். அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1715இல் தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த ரிங்கல்தௌபேக்கு அச்சு நூல்களும் கற்றவர் துணையும் கிடைத்தன. எனினும் பயிற்சியின் கடுமை குறைந்துவிடவில்லை.

தமிழ் கற்கும் அயலார்க்கு இடர்கள் பல. வாலை, வாளை, வாழை ஆகிய மூன்றும் அவர் செவிக்கு ஒன்றாகவே ஒலிக்கும். ஏட்டில் பயின்ற தமிழ் ஒன்றாகவும் சந்தையில் கேட்கும் தமிழ் வேறாகவும் இருக்கும். நீ, நீர், நீங்கள் என்னும் சொற்களுள் எதனை எவரிடம் வழங்குவது என்பதோ இலக்கணத்தைக் கடந்த பாடம். பேசுவோரும் கேட்போரும் சமூகத்தில் நிற்கும் இடத்தை அச்சொல்லே காட்டிவிடும்.

அந்நாளைய திருவிதாங்கூரில் அந்த இடம் பலர்க்கு மிகக் கொடியதாக இருந்தது. ஒடுக்கப்பட்டோர் பொதுவழிகளில் நடக்கத் தடை இருந்தது. பெண்கள் மேலாடை அணியவும் தடை இருந்தது. தலைவரியும் கூலியற்ற ஊழியமும் அவர்களை வருத்தின. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் இந்நிலையில் தஞ்சாவூர் சென்று, கிறித்தவ நெறியைத் தழுவி, வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஊர் திரும்பினார். தம் மக்களுக்கு வழிகாட்ட ஒருவர் வேண்டும் என்று அவர் விடுத்த அழைப்பே ரிங்கல்தௌபேயை மயிலாடிக்குக் கொண்டுவந்தது.

தரங்கம்பாடியில் கற்ற தமிழ் இங்கே தேர்வுக்கு உள்ளாயிற்று. மக்களின் குறைகளை அவர்கள் மொழியிலேயே கேட்டறிந்தால்தான் அவற்றை ஆள்வோர்முன் எடுத்துரைக்க இயலும். ரிங்கல்தௌபே தம்மை நாடி வந்தவர்களின் வரிச்சுமை குறையவும் ஊழியம் நீங்கவும் முயன்றார். 1809இல் மயிலாடியில் தேவாலயம் எழுந்தது. அவர் தொடங்கிய கல்விப் பணி, பிற்காலத்தில் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்ததற்கு வித்தாயிற்று.

உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே, 1816இல் பணியை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டு நாஞ்சில் நாட்டை விட்டுப் புறப்பட்டார். அதன்பின் கடற்பயணத்தில் அவர் எங்கு மறைந்தார் என்பதை எவரும் அறியார். அவருக்குக் கல்லறையும் இல்லை. அவர் வித்திட்ட கல்வி மட்டும் நாஞ்சில் நாட்டில் தழைத்து நிற்கிறது.