பழக்கூடை என்னும் தொகைச்சொல்

மாம்பழம் பழமே. அங்ஙனமாயின் மாம்பழக்கூடை பழக்கூடையாகுமா? பேச்சு வழக்கில் நாம் தயங்காமல் ஆம் என்போம். ஜாவா என்னும் நிரல்மொழியோ ஆகாது என்கிறது. 2004-இல் வெளியான ஜாவா 5 பதிப்பில் 'ஜெனரிக்ஸ்' நுழைந்தபோது, மாம்பழம் என்னும் கிளாஸ் பழம் என்னும் கிளாஸின் வழித்தோன்றலாயினும், மாம்பழப் பட்டியல் பழப் பட்டியலின் வழித்தோன்றல் ஆகாது என விதித்தனர். நிரல் எழுதப் புகுவோர் பலரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. வீண் பிடிவாதம் என்றுகூடத் தோன்றும்.

பிடிவாதமன்று. மாம்பழக்கூடையைப் பழக்கூடை என்று சொல்லி ஒருவரிடம் நீட்டினால், அவர் அதில் வாழைப்பழத்தை இடுவார். இடுதற்கு அவருக்கு உரிமையும் உண்டு. பின்னர் மாம்பழமென்று நம்பி எடுப்பவர் கையில் வாழைப்பழம் வரும். ஜாவாவின் 'அர்ரே'க்கள் இப்பெயர்மாற்றத்தை இன்றும் அனுமதிக்கின்றன. ஜெனரிக்ஸ் இல்லாத காலத்தில், எவ்வகை அர்ரேயையும் வரிசைப்படுத்தும் பொதுநிரல் ஒன்றை எழுதுதற்குத் தந்த சலுகை அது. கம்பைலர் வாய்மூடியிருக்கும், நிரல் ஓடுகையில், வாழைப்பழத்தை இடும் கணத்தில், பிழை வெடிக்கும். அக்கணம் பயனர் கண்முன் நேர்வதே பெரும்பாலும் நிகழ்வது. சி ஷார்ப் மொழியும் இச்சலுகையை அப்படியே எடுத்துக்கொண்டது நமக்கு வியப்பே.

தமிழ் படித்த நமக்கு இங்கே தொகைநிலைத் தொடர் நினைவுக்கு வருகிறது. பழக்கூடை என்பதை விரித்தால் பழத்தை உடைய கூடை என்றும் வரும், பழத்தை இடுதற்குரிய கூடை என்றும் வரும். உருபும் பயனும் மறைந்து நிற்பதால் இரண்டும் ஒன்றெனத் தோன்றுகின்றன. முதற்பொருளில் மாம்பழக்கூடை பழக்கூடையே. இரண்டாம் பொருளிலோ உறவு தலைகீழாகிறது. எப்பழத்தையும் ஏற்கும் கூடை மாம்பழத்தையும் ஏற்குமாதலால், பழக்கூடைதான் மாம்பழக்கூடையின் இடத்தில் நிற்கத் தகும்.

ஜாவா இத்தொகையை விரித்தே எழுதச் சொல்கிறது. 'எக்ஸ்டெண்ட்ஸ் பழம்' எனக் குறித்தால் பழமாக எடுக்கலாம். வெற்று மதிப்பான 'நல்' தவிர எதையும் இடலாகாது. 'சூப்பர் மாம்பழம்' எனில் மாம்பழம் இடலாம். எடுப்பது எதுவாயினும் வெறும் 'ஆப்ஜெக்ட்' என்றே அறியப்படும். 2010-இல் வந்த சி ஷார்ப் 4.0, இன்டர்ஃபேஸை அறிவிக்குமிடத்திலேயே 'அவுட்', 'இன்' என ஒருமுறை குறித்துவிடும் வழியைத் தந்தது. பயன்படுத்துவோர்க்குச் சுமை குறைவு. நம் கருத்தில் அதுவே சீர். ஆயினும் ஒரே பட்டியலை ஓரிடத்தில் எடுக்க மட்டும், வேறோரிடத்தில் இட மட்டும் கொடுப்பது ஜாவாவின் முறையில்தான் எளிது.