வாவியின் இரு கரைகள்

நெடுந்தூரம் சென்று பிறநாட்டு நகரங்களைக் கண்டு வியப்பதற்கு முன், தம் வாயிற்படியிற் கிடக்கும் நாட்டை மாணவர் ஒருமுறையேனும் கண்டறிதல் வேண்டும் என்பது எமது நெடுநாளைய எண்ணம். அவ்வெண்ணம் பற்றியே, சென்ற சித்திரை விடுமுறையில் எம் மாணவர் இருபதின்மருடன் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் இரண்டு நாட்களிற் சுற்றி வந்தோம்.

ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் இவ்வாவியே மட்டக்களப்பு நாட்டை இரு கூறாக வகுத்து நிற்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கீழ்ப்பகுதி எழுவான்கரை. வயலும் காடுமாய் விரிந்த மேற்பகுதி படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்று பெயரிட்ட அம்மக்களின் தமிழை என்னென்று புகழ்வது!

முதல்நாட் காலை புளியந்தீவுக் கோட்டையைக் கண்டோம். 1628இற் போர்த்துக்கீசர் எழுப்பிய இக்கோட்டை, பத்தே ஆண்டுகளில், 1638இல், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுறவு பூண்ட ஒல்லாந்தர் கைப்பட்டது. நெடுங்காலம் அரசாங்கக் கச்சேரியும் இதனுள்ளேயே இயங்கிற்று. ஆண்டவர் மூவரும் போய்விட, மதில்களைத் தழுவும் வாவி நீர் மட்டும் அன்றுபோல் அலைமோதுகின்றது.

அங்கிருந்து கல்லடி உப்போடைக்குச் சென்றோம். 1892இற் காரைதீவிற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய விபுலாநந்த அடிகளார், தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் வளவிலேயே துயில்கின்றார். அவரது யாழ்நூல் 1947 ஆனியில் திருக்கொள்ளம்புதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகளார் மறைந்தார். சமாதியின் முன் மாணவர் தாமாகவே பேச்சொழிந்து நின்றனர்.

கடற்கரையிலுள்ள திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் ஒருபுறம் சாய்ந்து நிற்கின்றது. 2004 மார்கழி 26இல் வந்த ஆழிப்பேரலை அதன் அடிமணலை அரித்த அடையாளம் அது. அலை வந்தபோது பிறந்தேயிராத மாணவர் சிலர் எம்முடன் இருந்தனர். பாடநூலில் இரண்டு வரியாக அறிந்ததை அன்று அவர்கள் கண்ணாற் கண்டனர்.

நிலவு எழுந்தபின் கல்லடிப் பழைய பாலத்தருகே தோணியேறினோம். 1924இல் திறக்கப்பட்டு, 2013இற் புதிய பாலம் அமையும்வரை போக்குவரத்தைத் தாங்கிய இரும்புப் பாலம் இது. துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியிற் காதை வைத்தால் பாடும் மீன்களின் ஒலி கேட்கும் என்பர். நரம்பை மெல்ல மீட்டியதுபோல ஏதோ கேட்டது என்றனர் சிலர். பாலத்து வாகனங்களின் இரைச்சலே கேட்டது என்றனர் வேறு சிலர். அடிகளார் ‘நீரர மகளிர் இன்னிசைப் பாடல்’ இயற்றிய காலத்தில் இவ்வாவியில் இத்துணை இரைச்சல் இருந்திராது.

மறுநாள் மண்முனைப் பாலத்தாற் படுவான்கரைக்குச் சென்றோம். 2014இல் இப்பாலம் அமையும்வரை இத்துறையைப் படகுப் பாதையிலேயே கடந்தனர். கிழக்கில் 2007 வரை நீடித்த போரின்போது, காவலரண்களைத் தாண்டியன்றி அக்கரை சேர்தல் இயலாது. எம் தலைமுறையிற் பலர், கண்ணுக்கு முன்னே தெரியும் கரையைக் காலால் மிதியாமலே வளர்ந்தோம்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரரை வணங்கி, பறங்கியர் முன் புல்லுண்டதாகக் கூறப்படும் கல்நந்தியின் கதையையும் கேட்டபின், அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் முதிய அண்ணாவியார் ஒருவரைக் கண்டோம். வடமோடி, தென்மோடிக் கூத்துக்களை விடியும்வரை ஆடுவித்தவர் அவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) ஆகியவற்றை மேடையேற்றியது இம்மண்ணின் கூத்து மரபிலிருந்தே என்று மாணவருக்கு எடுத்துரைத்தோம்.

அப்போது எம் மாணவன் ஒருவன், தன் தாயாரின் ஊர் இதுவே என்றும், போர்க்காலத்தில் நகருக்குப் பெயர்ந்தவர் திரும்பவேயில்லை என்றும் தயங்கிக் கூறினான். முதியவர் அவனை உற்றுநோக்கி, “மனே, நீ என்ன குடி?” என்றார்.

அவன் விழித்தான். அருகில் நின்ற காத்தான்குடி மாணவனோ, கேளாமலே தன் குடிப்பெயரைச் சொன்னான்! எல்லோரும் நகைத்தோம். தாய்வழியாகக் குடி எண்ணுவதும், மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பதும் இங்கு இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழமை. குழலிற் பிட்டும் தேங்காய்ப்பூவும்போல ஊர்கள் மாறிமாறி அமைந்த நாடு இது. 1990இன் கொடுமைகள் அவ்வுறவில் இட்ட வடு இன்னும் ஆறவில்லை. ஆயினும் வழமையின் வேர் அறவில்லை.

மாணவன் தொலைபேசியில் தாயாரை அழைத்துக் குடியின் பெயரைக் கேட்டறிந்தான். முதியவர் முகம் மலர்ந்தது. “நம்மட குடிதான்! உன்ட அம்மா எனக்குத் தங்கச்சி முறை, நீ மருமகன்” என்று கூறித் தொலைபேசியைத் தம் கையில் வாங்கினார். கோயில் முன்றலில் நின்ற மரம் இன்னும் நிற்கின்றதா என்று அத்தாயார் வினவினார் போலும்.

“மரம் நிக்குது. நீதான் வரல்ல” என்றார் முதியவர்.

அதன்பின் அவர் மருமகன் கையிற் சல்லரியைக் கொடுத்துத் தாளம் போடக் கற்பித்தார். தாளம் பலமுறை தவறிற்று, முதியவர் சினக்கவில்லை. புறப்படும்போது, மூடியிருந்த கண்ணகியம்மன் கோயிலைக் காட்டி, “வைகாசிச் சடங்குக்குக் கதவு திறப்பம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா” என்று பணித்தார். அவன் தலையசைத்தான்.

திரும்பும் வழியில், மண்முனைப் பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். ஞாயிறு படுவான்கரையில் மறைந்துகொண்டிருந்தது. இரு கரைகளுக்கும் நடுவே நின்று அதைக் கண்டோம். மாணவச் செல்வர்களே, அடுத்த விடுமுறையில் நீங்களும் சென்று வாருங்கள். புறப்படுமுன், உங்கள் ஊரையும் உறவையும் வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிந்து செல்லுங்கள். அங்கே உங்களை அறிந்தவர் ஒருவர் இருக்கக்கூடும்.