இரண்டாம் பாகத்தில் தாத்தாக்கள்

இப்போதெல்லாம் தமிழ்ப் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கினாலும் திரையரங்கில் யாரும் எழுந்திருப்பதில்லை. அடுத்த பாகத்துக்கு ஒரு துண்டுக் காட்சி வரும் என்று உட்கார்ந்திருக்கிறோம். ‘வீர தீர சூரன்’ ஒருபடி மேலே போய், 2025இல் இரண்டாம் பாகத்தையே முதலில் வெளியிட்டது!

பாகம் இரண்டு நமக்குப் புதிதில்லை. 1979இல் வந்த ‘கல்யாணராமன்’ ஓடியதும் 1985இல் கமல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ ஆனார். ஆனாலும் அது பழக்கமாகவில்லை. ‘சுபம்’ என்று போட்டால் கதை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். இன்று படம் ஓடினால் எண் போட்டுவிடுகிறார்கள். நானும் விடுவதில்லை. துரைசிங்கத்தின் மூன்று ‘சிங்கம்’ படங்களையும் பார்த்தவன். ரஜினி இல்லாத ‘சந்திரமுகி 2’க்கும் வடிவேலுவை நம்பி டிக்கெட் எடுத்தவன்.

‘பொன்னியின் செல்வன்’ வேறு கணக்கு. கல்கி ஐந்து பாகம் எழுதிய கதையை மணிரத்னம் இரண்டு படமாக எடுத்தார். அங்கே மீதிக் கதை உண்மையாகவே இருந்தது. ‘விடுதலை’க்கும் அப்படித்தான், வசனம் கொஞ்சம் அதிகம் என்றாலும். சிக்கல், முடிந்துபோன கதைக்குள் நாயகனை மறுபடி கூட்டிவரும்போதுதான்.

அப்படி நான் அதிகம் காத்திருந்தது ‘இந்தியன் 2’க்கு. 1996இல் ‘இந்தியன்’ வந்தபோது நான் தொடக்கப்பள்ளி மாணவன். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அந்தப் படத்தோடு ஒரு தனி உறவு உண்டு. சேனாபதி நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். அந்த ராணுவத்தின் தலைமையை நேதாஜி ஏற்றது இந்த ஊரில், 1943 ஜூலையில். அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அவர் அறிவித்தது கேத்தே கட்டடத்தில், அதாவது ஒரு திரையரங்கில். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். படம் பார்த்துவிட்டு வந்த அன்றிரவு அப்பா கமலைப் பற்றிப் பேசவே இல்லை. தோட்டத்திலிருந்து படையில் சேரப் போன தன் பெரியப்பாவைப் பற்றித்தான் பேசினார். அப்படி ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

எனவே 2024 ஜூலை 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவுக் காட்சிக்கு அப்பாவையும் அழைத்துப் போனேன். 28 ஆண்டு இடைவெளி. 2021இல் காலமான விவேக்கையும் நெடுமுடி வேணுவையும் திரையில் பார்த்தபோது அப்பா என் கையைத் தட்டினார். அதற்காகவே டிக்கெட் காசு செரித்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு சேனாபதி ஒற்றைச் சக்கர வண்டியில் பறந்தார். வயதைக் கணக்குப் போட்டால் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். அதையும்கூட மன்னித்துவிடலாம், வர்மக்கலை தெரிந்தவர்.

படம் முடிந்து தோ பாயோ லோரோங் 8 காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அப்பா தே ஓ கோசோங்கைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: “முன்னாடி தன் பிள்ளையைக் கொடுத்தாரு. இப்ப அடுத்தவங்க பிள்ளைங்களைக் கேக்கிறாருப்பா.”

நான் இணையத்தில் படித்த எந்த விமர்சனமும் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. முதல் படத்தில் லஞ்சம் தர மறுத்ததால் சேனாபதியின் மகள் சிகிச்சை கிடைக்காமல் இறக்கிறாள். லஞ்சம் வாங்கிக்கொண்டு பழுதான பேருந்துக்குச் சான்றிதழ் கொடுத்த மகனைத் தன் கையாலேயே கொல்கிறார். அந்தக் கத்திக்கு அவர் வீட்டிலேயே விலை கொடுத்திருந்தார். அதனால்தான் நமக்கு அவர்மேல் பயமும் இருந்தது, பரிவும் இருந்தது. இரண்டாம் பாகத்தில் தைப்பேயிலிருந்து வந்து, இளைஞர்களிடம் ‘உங்கள் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள்’ என்கிறார். சித்தார்த் தன் அப்பாவையே காட்டிக்கொடுக்கிறார், அம்மாவை இழக்கிறார். துயரம் முழுவதும் அந்த வீட்டில். தாத்தாவுக்கு இழக்க ஒன்றுமே மிச்சமில்லை. ஊரே ‘திரும்பிப் போ’ என்று கத்தும்போது அந்தக் குரலில் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. படமும் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்காமல் துரத்தலுக்குப் போய்விட்டது.

இதே கமல், இரண்டே ஆண்டு முன்னால், இதைவிடப் பழைய ஒருவரைத் திரும்பக் கொண்டுவந்தார். 1986இன் ‘விக்ரம்’, பெரிதாக யாரும் ஏங்காத படம். லோகேஷ் கனகராஜ் 2022இல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு அவரைத் தாத்தாவாக்கினார். மகனைப் பறிகொடுத்தவர். சத்தம் கேட்டால் ஆபத்து என்ற நிலையில், இதய நோயுள்ள பேரக் குழந்தை. துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே அந்தக் குழந்தைக்குப் பால் புட்டி தேட வேண்டியிருக்கிறது. ரோலெக்ஸாக சூர்யா வந்த கடைசி நிமிடங்களில் அரங்கம் அதிர்ந்தது உண்மைதான். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது பால் புட்டிதான். அந்தத் தாத்தாவுக்கு இழக்க இன்னும் ஒன்று இருந்தது. தோ பாயோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பேரப்பிள்ளையின் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் எத்தனையோ தாத்தாக்களில் ஒருவர் போலத்தான் இருந்தார்.

இப்போது வரிசையில் ‘ஜெயிலர் 2’ நிற்கிறது. டைகர் முத்துவேல் பாண்டியனும் தாத்தாதான். முதல் பாகத்தின் முடிவில் தன் மகனையே தண்டித்தவர், ஏறக்குறைய சேனாபதி போல. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மருமகளும் பேரனும் அவரிடம் எப்படிப் பேசியிருப்பார்கள்? அதைச் சொன்னால் எனக்குப் போதும். சொல்ல மாட்டார்கள், தெரியும். அனிருத் இசையோடு நடந்து வருவார், நானும் விசில் அடிப்பேன்.

உண்மையான ஆவல் ‘கைதி 2’மேல்தான். 2019 தீபாவளிக்கு வந்த படம், ஒரே இரவுக் கதை. பத்து ஆண்டு சிறையில் இருந்த டில்லி, ஒருமுறைகூடப் பார்த்திராத மகளுக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கி வைத்துக்கொண்டு லாரி ஓட்டுகிறார். விடியும்போது மகளைத் தூக்கிக்கொண்டு நடந்து போகிறார். அவ்வளவுதான். அப்பாவிடம் சொன்னேன், இதற்கும் போகலாம் என்று. “அந்தப் பொண்ணு இப்போ எத்தனாவது படிக்கும்?” என்று கேட்டார்.