77 ஜிபி பியானோவும் பத்து விரலும்

பியானோ மென்பொருள் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எது அசல் பியானோ மாதிரியே இருக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் எந்த அசல்? 1968-இல் பீட்டில்ஸ் 'ஹே ஜூட்' பதிவு செய்தபோது லண்டன் டிரைடென்ட் ஸ்டுடியோவில் இருந்த பெக்ஸ்டைன் பியானோ ஓர் அசல். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில், கண்ணாடிக் குவளைகளின் சத்தத்துக்கு நடுவே ஜாஸ் கலைஞர் பில் எவன்ஸ் வாசித்த பியானோ இன்னோர் அசல். 1990 வாக்கில் ஹவுஸ் என்ற நடன இசையின் தட்டுகளில் ஓங்கி ஒலித்ததோ 1988-இல் வந்த கோர்க் எம்1 சின்தசைசரின் பியானோ. அதில் மரமும் இல்லை, தந்தியும் இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டுகளுக்கு அதுதான் பொருந்தும். அசல் ஸ்டைன்வே பியானோவைக் கொண்டுபோய் வைத்தால் எடுபடாது.

பாப் வாசிப்பவரின் காதில் இருப்பது பெரும்பாலும் இசைத்தட்டில் கேட்ட பியானோ. அருகில் உட்கார்ந்து ஒரு கிராண்டு பியானோவைக் கேட்டவர்கள் நம் பக்கம் குறைவு. சென்னை போன்ற கடலோர ஊரில், ஈரக்காற்றில் சுருதி விலகாமல் ஒரு பியானோவை வீட்டில் காப்பாற்றுவதும் லேசான வேலை இல்லை. மென்பொருளைத் தேடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று சாம்பிள். அசல் பியானோவின் கட்டைகளைப் பல அழுத்தங்களில் அடித்து, மைக்கில் பிடித்து, அந்தப் பதிவுகளையே திருப்பிக் கொடுப்பது. ஸ்பெக்ட்ராசோனிக்ஸ் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கீஸ்கேப்பில் யமஹா சி7 பியானோ முதன்மையானது. மற்ற கீபோர்டுகளோடு சேர்த்து மொத்தம் 77 ஜிபி. இதே வகையைச் சேர்ந்த காரிட்டன் சிஎஃப்எக்ஸ், லண்டன் ஆபே ரோடு ஸ்டுடியோவில் பதிவானது. இன்னொரு வகை, பதிவே இல்லாமல் கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்குவது. சுத்தி தந்தியில் படுவது, தந்தி அதிர்வது, பலகை ஒலிப்பது எல்லாம் அந்தந்தக் கணத்தில் கணக்கிடப்படும். பிரான்சின் துலூஸ் நகரத்திலிருந்து 2006-இல் வந்த பியானோடெக் இந்த வகை. ஹார்ட் டிஸ்க்கில் அது அடைக்கும் இடம் ஒரு ஜிபியில் சிறு பங்குதான்.

முதல் அரை மணி நேரத்தில் சாம்பிள்தான் ஜெயிக்கும். நல்ல மைக், நல்ல அறை, நல்ல பொறியாளர் எல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால் ஒற்றைச் சுரம்கூடப் பாட்டு மாதிரி கேட்கும். சிக்கல் அதற்குப் பிறகு, மெதுவாக வாசிக்கும்போதுதான் வரும்.

கட்டையை அழுத்தும் வேகத்தை, கீபோர்டு கணினியோடு பேசும் மொழியான மிடி, 1 முதல் 127 வரை எண்ணாக அனுப்புகிறது. அதற்கு ஈடாக 127 பதிவுகளைப் பெரும்பாலும் வைப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் சாலமாண்டர், யமஹா சி5 பியானோவை 16 அழுத்தங்களில் பதிந்திருக்கிறது. இலவசத்துக்கு அது தாராளம். இடைவெளிகளை மென்பொருள் நிரப்புகிறது. நிரப்புவது சரியில்லை என்றால், விரலைக் கொஞ்சம் அழுத்தியதும் அதே சுரம் வேறு பியானோவிலிருந்து வந்தது போலத் தாவும். இதைக் கண்டுபிடிக்கப் பாட்டே வேண்டாம். நடு சி-க்கு மேலே ஒரு கட்டையைப் பிடித்து, கேட்டும் கேட்காத அளவில் தொடங்கி, சீராக ஏற்றிக்கொண்டே போனால் போதும்.

தாவல் எங்கே என்று தெரிந்த விரல் அந்த இடத்துக்குப் போகாது. அசல் பியானோவிலும் இப்படி நடந்ததுண்டு. 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் ஓபரா ஹவுஸில் ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டுக்குக் கிடைத்தது தவறான பியானோ: மேல் ஸ்தாயி சன்னம், கீழே பலமில்லை, பெடலும் சரியாக வேலை செய்யவில்லை. அவர் பெரும்பாலும் நடு ஸ்தாயியிலேயே நின்று, இடது கையில் ஒரே உருவைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சமாளித்தார். அந்தக் கச்சேரியின் பதிவு உலகப் புகழ் பெற்றது வேறு கதை. ஜாரெட்டுக்கு அது ஒரு ராத்திரி. மென்பொருள் வாங்கியவரோ அதில் தினமும் உட்காருகிறார். மெல்லிய சுரம் அசிங்கமாக வந்தால் நாளடைவில் மெல்லிய சுரமே வாசிக்க மாட்டார். அது தன் பாணி என்றுகூட நினைத்துக்கொள்வார்.

ஜாஸில் இந்த நஷ்டம் பெரிது. எவன்ஸ் வழி வந்தவர்கள் இடது கையில் ரூட் (அடிச் சுரம்) இல்லாத கார்டுகளை நடு சி-யை ஒட்டி வைப்பார்கள். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு உரசிக்கொண்டிருக்கும். ரிவெர்ப் (அறையின் எதிரொலி) ஏறிய பியானோவில் அது சேறு. ஆகவே ரிவெர்பை முழுக்க அணைத்துவிட்டுத்தான் தீர்ப்பு. அடுத்த சோதனை: வலது கையால் ஒரு சி மேஜர் கார்டை ஒலி எழாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் சி-யைச் சட்டென்று தட்டி விடுவது. அசல் பியானோவில் பிடித்திருக்கும் தந்திகள் தாமாக முனகும். பியானோடெக்கிலும் முனகும், சாம்பிள்களில் சில முனகும், பல ஊமை.

பாப் பாட்டுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. கிட்டாரும் டிரம்ஸும் இருக்கும்போது பளிச்சென்று கேட்க வேண்டும், கம்ப்ரெசர் போட்டாலும் நிற்க வேண்டும். சி7 சாம்பிள்கள் அங்கே ராஜா. ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: மேடை ஸ்பீக்கர்கள் பல இடங்களில் மோனோ. ஹெட்போனில் இரு காதுக்கும் அகலமாக விரியும் பியானோ, மோனோவில் சேரும்போது தகர டப்பா ஆகிவிடலாம். வாங்கும் முன் மோனோ பட்டனைத் தட்டிப் பார்ப்பது நல்லது.

குறை மென்பொருளில் இல்லாமலும் இருக்கலாம். நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில், கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபர் 512 என்றால், கட்டையை அழுத்திய பின் ஒலி வர அதில் மட்டும் ஏறத்தாழ 12 மில்லிசெகண்டு தாமதம். ஸ்விங் தடுமாற அது போதும். 128 வைத்தால் 3-க்குள் வரும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க எடுக்கும் நேரமே அவ்வளவுதான். பெடலும் அப்படித்தான். மலிவுப் பெடல்கள் வெறும் சுவிட்ச்: ஒன்று உண்டு, இல்லையேல் இல்லை. அதை வைத்துக்கொண்டு அரைப் பெடல் வசதிக்காகக் காசு கொடுப்பது வீண். விரல் வேகத்தை எண்ணாக மாற்றும் வெலாசிட்டி கர்வைச் சரிசெய்யாமல் "இந்தப் பியானோ கத்துகிறது" என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. பல சமயம் கத்துவது கீபோர்டு அனுப்பும் எண்.

ஆக, ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தனியாக ஜாஸ் வாசிப்பவருக்கு பியானோடெக். அதன் ஒலியில் ஒரு கண்ணாடித்தன்மை உண்டு என்று சிலர் குறைப்படுவதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் விரல் சொன்னதைக் கேட்கும். பாட்டுப் பதிவுக்கே வாசிப்பவருக்கு சி7 சாம்பிள் எதுவானாலும் சரி. பணம் இல்லாதவர் சாலமாண்டரில் தொடங்கி, மிச்சத்தில் நல்ல பெடல் வாங்கலாம். பியானோடெக்கின் இலவச டிரையலில் சில கட்டைகள் ஒலிக்காது, 20 நிமிடத்தில் நின்றுவிடும். ஒரு மெதுவான பாட்டை மூன்று தடவை வாசித்து முடிவு செய்ய அந்த நேரம் போதும்.