ரொட்டி உறை சொன்ன சேதி

சென்ற ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமையன்று பத்தாம் வகுப்பு மாணவியர் நாங்கள் 36 பேரும் அறிவியல் சிஸ்டருடன் ஓர் அச்சகத்தைப் பார்க்கச் சென்றோம். அச்சகம் என்றதும் நாளிதழும் திருமண அழைப்பிதழும்தான் எங்கள் நினைவுக்கு வந்தன. அங்கே இருந்தவையோ ரொட்டி உறைகளும் பால் பாக்கெட்டுகளும்! தினமும் கத்தரித்து எறிகிறோமே, அதையும் யாரோ அச்சிட்டிருக்க வேண்டும் என்று எங்களில் ஒருத்தியும் எண்ணியதில்லை.

அம்முறையின் பெயர் ஃபிளெக்ஸோ. மேற்பார்வையாளர் ஒரு பிளேட்டைக் கையில் தந்தார். ரப்பர் முத்திரையைப் போல வளைந்தது. எழுத்துகள் மேடாகவும் இடம் வலம் மாறியும் இருந்தன. அனிலாக்ஸ் என்னும் உருளையில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டு. அவற்றில் நிரம்பும் மையில் மிகுதியானதை ஒரு மெல்லிய கத்தி வழித்துவிடுகிறது. அதற்கு 'டாக்டர் பிளேடு' என்று பெயராம். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குழியில் தங்கிய மை பிளேட்டின் மேடுகளில் ஏறி, அங்கிருந்து பிலிமில் பதிகிறது. பிலிம் காகிதத்தைப் போல மையை உறிஞ்சாது. ஆகவே அடுத்த வண்ணம் விழுமுன் சூடான காற்றால் உலர்த்திவிடுகிறார்கள்.

பிளேட்டை உருளையில் சுற்றும்போது அதன் மேற்பரப்பு சற்று நீளும். வட்டமாக வரைந்தது நீள்வட்டமாகிவிடும். அதனால் கணினியில் முன்கூட்டியே படத்தைக் கணக்காகக் குறுக்கி வைக்கிறார்கள். உருளைக் கணக்கு எதற்கு என்று வகுப்பில் முணுமுணுத்த நாங்கள் அப்போது சிஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை.

1890-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் செய்த முதல் இயந்திரத்தில் மை கலைந்து போனதால் ஊரார் கேலி செய்தார்களாம். பின்னர் அனிலின் சாய மைகளால் 'அனிலின் அச்சு' என்ற பெயர் வந்தது. அது நஞ்சோ என்று உணவுப் பொருள் விற்போர் அஞ்சியதால் 1952-இல் ஃபிளெக்ஸோ என்று மாற்றினார்கள்.

மை கலக்கும் அறையில் இரண்டு நீலத் துண்டுகளைக் காட்டி, "வித்தியாசம் தெரிகிறதா?" என்றார் மேற்பார்வையாளர். ஒன்றுதான் என்றோம். எங்களில் ஒருத்தி மட்டும், "இடது பக்கத்தில் கொஞ்சம் பச்சை கலந்திருக்கு, சார்" என்றாள். அவர் கருவியில் வைத்துப் பார்த்தார். அவள் சொன்னதே சரி!

"இந்த வேலைக்குப் பெண்களை எடுப்பீர்களா, சார்?" என்று அவள் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பத்தாவதோடு போதும் என்று அவள் வீட்டில் முடிவாகியிருந்தது.

"ஏம்மா எடுக்க மாட்டோம்? வடிவமைப்பிலும், பிளேட் செய்யும் பிரிவிலும், தரம் பார்ப்பதிலும் இருக்கிறார்களே" என்றார். பத்தாவது முடித்தால் 3 ஆண்டு டிப்ளமோ படிக்கலாம். சென்னை தரமணியில் அச்சுத் தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது. பன்னிரண்டாவதில் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் எடுத்தவர்கள் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இத்துறையிலேயே பி.இ. படிக்கலாம். இயந்திரப் பக்கம் ஷிப்டு வேலை, இரவிலும் வரவேண்டியிருக்கும், மையின் நெடியும் பழக வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. எங்களில் பலருக்கு அந்த நெடியில் தலை வலித்தது உண்மை.

திரும்பும் பேருந்தில் அவள் இரண்டு நீலத் துண்டுகளையும் பாடப்புத்தகத்தில் வைத்துக்கொண்டாள். மறுவாரம் சிஸ்டர் அவளுடைய அப்பாவை அழைத்துப் பேசினார்கள். "மார்க் வரட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிப் போயிருக்கிறார். இப்போது நாங்கள் ஆறு பேர் மாலையில் ஒரு மணி நேரம் தங்கி, அவளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறோம்.