மலைக்குப் போகும் வண்டிக்கு முதல் செலவு

புது வண்டி வாங்கிய வீடும் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான வீடும் ஒன்றுதான். என்னென்ன போடுவது என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று.

எங்களுக்கு வத்தலக்குண்டில் ஜாகை. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் நாலு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. ஊடே மிளகுக் கொடியும் சில ஆரஞ்சு மரங்களும். அங்கே உள்ள பழைய ஓட்டு வீட்டில் என் மாமியார் இருக்கிறார். எழுபத்தாறு வயது. குளிர் காலத்தில் இழுப்பு வரும். "கீழே வந்துடுங்க அத்தை" என்று கூப்பிட்டால், "எனக்கு இந்தக் காத்துதான் ஒத்துக்குது தாயி, அங்க வந்தா ரெண்டு நாள்ல செத்துப் போவேன்" என்பார். இழுப்புக்காரர் குளிர்க்காற்று ஒத்துக்கொள்கிறது என்றால் நான் என்ன சொல்ல?

தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து தோட்டத்துக்கு இரண்டரைக் கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி, கார்த்திகை அடை மழையில் அது செங்களிக் குழம்பாகிவிடும். காப்பிப் பழம் பறிக்கிற காலமும் அதையொட்டித்தான் வரும். ஆகவே மழை பெய்கிறதென்று போகாமல் இருக்க முடியாது. இதற்காகவே 2023-ஆம் வருஷக் கடைசியில் மாருதி ஜிம்னி வாங்கினோம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. என் கணவர் வேலைக்குப் போய்விடுவதால் வாரத்தில் இரண்டு நாள் அரிசி, பருப்பு, மாத்திரையோடு அதை மலைக்கு ஓட்டிப் போகிறவள் நான்தான்.

2024 ஆவணியில் எனக்குச் சீட்டுப் பணம் 75,000 ரூபாய் வந்தது. வண்டிக்கு ஏதாவது செய்யலாம் என்று வாய் தவறாமல் நானே சொன்னேன். உடனே இரண்டு பட்டியல் வந்தன.

காலேஜில் படிக்கும் என் மகனுடைய பட்டியல்: வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துவது, பெரிய டயர், கூரையில் நீள விளக்கு, தண்ணீருக்குள் போனாலும் இன்ஜின் மூச்சு விடக் கூரை வரை ஏறும் குழாய். என் கணவர் ஒன்றே ஒன்று கேட்டார். முன்னால் கனமாக ஒரு இரும்பு கார்டு. "ராத்திரியில காட்டு மாடு குறுக்க வருதும்மா, நீ தனியாப் போற" என்றார். அக்கறையாகச் சொன்னதை உடனே தள்ள மனசு வருமா?

சீட்டு என் பெயரில் இருந்ததால் மந்திரி சபையில் நிதி இலாகா என்னுடையது. ஒவ்வொன்றாக விசாரித்த பிறகுதான் பணம் என்று சொல்லிவிட்டேன். எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் முப்பது வருஷமாக எஸ்டேட் ஜீப்புகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். அவரிடம் இரண்டு மாலை உட்கார்ந்து கேட்டேன்.

முதலில் வண்டியை உயர்த்தும் விஷயம். இந்த வண்டிக்குத் தரையிலிருந்து 210 மில்லிமீட்டர், அதாவது எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகமாக, கம்பெனியே இடைவெளி கொடுத்திருக்கிறது. மெக்கானிக் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். முன்னும் பின்னும் குறுக்கே ஒரே துண்டாக அச்சு ஓடுகிறது. அதன் நடுவில் பூசணிப் பிஞ்சு மாதிரி ஓர் உருண்டை. டிஃபரன்ஷியல் என்கிறார்கள். பாதையில் கல்லில் முதலில் தட்டுவது அதுதான். "ஸ்பிரிங்கை மாத்தினா மேல இருக்கிற உடம்புதாம்மா உசரும், இந்த உருண்டை இருந்த இடத்துலயேதான் இருக்கும்" என்றார். மேல் பாரம் உயர்ந்தால் கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும். ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். மூட்டு வலிக்காரரான என் மாமியாரை ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.

இதில் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு மாறாக, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்த விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அதே வருஷம் திருத்திய சட்டப்படி, விதிக்கு மாறாகச் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களும் இதைத்தான் முதலில் துருவுவார்கள். பையன் முகம் தொங்கிவிட்டது.

இரும்பு கார்டும் அந்த ரகம்தான். 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இது 52-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மோதினால் வண்டியின் மூக்கு நசுங்கி அடியைத் தான் வாங்கிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். கார்டு போட்டால் அந்த அடி நேரே சட்டத்துக்குப் போகும். காற்றுப் பை விரிய வேண்டிய நேரமும் தப்பிப் போகலாம். எதிரே நடந்து வருகிற மனிதர் மேல் பட்டாலோ, அந்த இரும்பு அவருக்கு எமன். காட்டு மாடு நன்றாக வளர்ந்தால் ஒரு டன் வரை எடை இருக்கும். எங்கள் வண்டியே சுமார் 1,200 கிலோதான். "ஏங்க, ஒரு டன் மாட்டை ஒரு கம்பியா தடுக்கும்? பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துல போனா மாடே ஒதுங்கிப் போகும்" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

நீள விளக்கைப் பற்றி மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேகம் இறங்கிய பாதையில் உயரத்திலிருந்து வெள்ளை வெளிச்சம் அடித்தால் எதிரே சுண்ணாம்புச் சுவர் எழுப்பினாற்போல் இருக்கும். பனியில் தாழ்ந்த விளக்குத்தான் கண்ணுக்கு உதவும். மூச்சுக் குழாயோ, எங்கள் பாதையில் உள்ள ஒரே ஓடைக்கு வேண்டாத பொருள். சாதாரண நாளில் அதில் கணுக்கால் தண்ணீர். வெள்ளம் வந்தால் குழாய் இருந்தாலும் இறங்கக் கூடாது.

ஆக, டயர் ஒன்றுதான் பாக்கி. முதல் செலவு அதற்குத்தான் என்று மெக்கானிக்கும் சொன்னார், எனக்கும் பட்டது. வண்டி முழுவதும் மண்ணைத் தொடுகிற இடம் நாலே நாலு உள்ளங்கை அகலம். வழுக்குவதும் பிடிப்பதும் அங்கேதான். கம்பெனியிலிருந்து வந்த டயர் தார் ரோட்டுக்கு ஏற்றது. களியில் அதன் கோடுகள் அடைத்துக்கொண்டு இட்லித் தட்டு மாதிரி வழவழவென்றாகிவிடும். தாரிலும் மண்ணிலும் ஓடக்கூடிய, கட்டை வெட்டிய டயரை 'ஆல் டெரெயின்' என்கிறார்கள். முழுச் சேற்று டயரும் உண்டு. அது தாரில் ஹோவென்று இரைச்சல் போடும், மழை நாளில் தார் ரோட்டில் பிரேக்கும் அவ்வளவு பிடிக்காது. எங்கள் பிரயாணத்தில் முக்கால் பங்கு தார் ரோடு.

அளவைப் பற்றித்தான் பையனோடு ஒரு வாக்குவாதம். நமது டயரில் 195/80 ஆர் 15 என்று எழுதியிருக்கிறது. அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம். நடு வளையம் 15 அங்குலம். பத்தாம் வகுப்புக் கணக்குத்தானே? பேப்பரில் போட்டுப் பார்த்தேன். டயரின் மொத்த உயரம் 693 மில்லிமீட்டர். அவன் கேட்ட 215/75 டயர் 703. வித்தியாசம் பத்தே மில்லிமீட்டர். அதிலும் அச்சுக்குக் கீழே உள்ள பாதிதான் வண்டியைத் தூக்கும். அரை சென்டிமீட்டர்! தோசைக் கனம். 235/75 என்றால் இரண்டு சென்டிமீட்டர் கிடைக்கும், ஆனால் ஸ்டியரிங்கை ஒடித்தால் உரசக்கூடும், வேகமுள் குறைத்துக் காட்டும், பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் கனத்தில் கதவுக் கீல் பாடுபடும். "சரிம்மா, நீயே ஜெயிச்சுட்ட" என்றான்.

அதே அளவில் ஆல் டெரெயின் டயர் சொல்லி வைத்து, மூன்று வாரம் காத்திருந்து வாங்கினோம். ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்து. கடைக்காரர் "நாலு போதுங்க" என்றார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது ஒன்று மட்டும் உயரத்தில் வித்தியாசப்பட்டால் உள்ளே பல் சக்கரங்களுக்கு வேதனை. பஞ்சரும் மண் பாதையில்தான் ஆகும். ஐந்தாவதை விட மாட்டேன் என்றேன். ஐந்துக்குமாக 40,000 ரூபாயைத் தாண்டியது. மீதியில் வாங்கியதைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன்.

ஒன்று, பாட்டரியில் மாட்டி ஓடும் சிறிய காற்றடிக்கும் பம்ப்பும், காற்றளவு பார்க்கும் கருவியும். களியில் போகும்போது டயரில் காற்றைக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிக்கும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவு தாருக்கு. மண் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் நான் 20 பவுண்டுக்கு இறக்கிவிடுவேன். பதினைந்துக்குக் கீழே போனால் டயர் வளையத்தை விட்டுக் கழன்றுவிடலாம். தாருக்கு வந்ததும் திரும்ப அடித்தே ஆக வேண்டும், தொய்ந்த டயரில் மலை வளைவில் வேகமாக இறங்குவது ஆபத்து. அடிக்கும்போது இன்ஜின் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டரி படுத்துவிடும்.

இன்னொன்று, இழுக்கும் கயிறு. ஜிம்னியில் முன்னும் பின்னும் கொக்கி உண்டு. இரும்புச் சங்கிலி வேண்டவே வேண்டாம். தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். அகலமான நைலான் பட்டையும், இரும்புக்குப் பதில் கயிற்றாலான இணைப்பு வளையமும் வாங்கினேன். இழுக்கும்போது பட்டையின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டுவிட வேண்டும், அறுந்தாலும் சாட்டை மாதிரி பறக்காது. பட்டையின் நீளத்துக்குள் ஒருவரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. இதோடு ஒரு குட்டை மண்வெட்டி. சக்கரத்துக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் பலகைகள் கடையில் விற்கிறார்கள், விலையைக் கேட்டதும் கும்பிடு போட்டுவிட்டு, நாலு காப்பிச் சாக்கை மடித்து வைத்துக்கொண்டேன்.

அந்த நவம்பரில் ஒரு சாயங்காலம் தோட்டத்துக் காவல்காரர் மனைவி போன் பண்ணினாள். "பெரியம்மாவுக்கு மூச்சு விட முடியலைங்க." என் கணவர் திருச்சியில், பையன் காலேஜில். நான் கிளம்பிப் போனேன். அத்தையை முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார வைத்து, இன்ஹேலரைக் குழல் பொருத்திக் கொடுத்து, காவல்காரரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பலா மரத்து வளைவில், மேலிருந்து வந்த மண் பாதையை மூடியிருந்தது. வண்டி வயிறு வரை இல்லை, ஆனாலும் இரண்டு பின் சக்கரமும் சுற்றின, நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் புதையும் என்று மெக்கானிக் சொன்னது காதிலேயே நின்றது. இறங்கி, நாலு டயரிலும் 16 பவுண்டுக்கு இறக்கினேன். காவல்காரர் சக்கரத்துக்கு முன் மண்ணை வாரிவிட்டுச் சாக்குகளைத் திணித்தார். 'ஃபோர் லோ'வில் போட்டு, மெதுவாகக் காலை அழுத்தினேன். ஒரு முறை பின்னுக்கு, ஒரு முறை முன்னுக்கு. ஏறிவிட்டது. அத்தை கண்ணைத் திறந்து, "சாக்கை எடுத்தாச்சா?" என்றார் மூச்சிரைக்க. தோட்டக்காரியின் புத்தி!

தார் ரோட்டு டீக்கடையில் காவல்காரர் காற்றடித்தார். பன்னிரண்டு நிமிஷம். அதற்குள் அத்தைக்கு இரண்டாம் முறை மருந்து கொடுத்தேன். ராத்திரி ஒன்பதுக்குள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துவிட்டார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார். எட்டாம் நாள் மலைக்கு!

மீதி இருந்த சொற்பப் பணத்தில் சில்லறைச் சாமான்கள் வாங்கினேன். விளிம்பு உயர்ந்த ரப்பர் மிதியடி, செம்மண்ணோடு அப்படியே எடுத்துக் கழுவலாம். பின்னால் மூட்டைகளை அமுக்கிக் கட்ட வலை, குலுக்கலில் தேங்காய் ஒன்று பறந்து வந்தாலே தலை போகும். சீட் உறை வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். இந்த வண்டியில் ஆறு காற்றுப் பைகள், அவற்றில் இரண்டு முன் சீட்டின் பக்கவாட்டில் இருக்கின்றன. சாதாரண உறையை இறுக்கித் தைத்துவிட்டால் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. அந்த இடத்தில் பிரியும்படி தைத்த உறை தனியே கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். முதலுதவிப் பெட்டியும் வாந்திக்கு எலுமிச்சம்பழமும் வண்டியிலேயே கிடக்கும். மாத்திரைகளை மட்டும் வைப்பதில்லை, வெயிலில் நிற்கும் வண்டிச் சூட்டில் அவை கெட்டுப்போகும்.

அத்தை ஏறுவதற்குப் பக்கப் படி போடலாம் என்றார் கடைக்காரர். அது தாழத் தொங்கிக் கல்லில் அடிபடும். வீட்டில் சும்மா கிடந்த பலகை மணைக்கு நாலு கட்டை அடித்துப் பின்னால் போட்டுக்கொண்டேன். அத்தை அதில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறிக்கொள்கிறார். தோட்டத்தில் இறங்கியதும் அதையே போட்டு உட்கார்ந்து மிளகு ஆய்கிறார்.

அடுத்த சீட்டு வருகிற தை மாதம். அடியில் கல் படும் இடத்துக்கு இரும்புத் தகடு போடலாமா என்று மெக்கானிக்கைக் கேட்டு வைத்திருக்கிறேன். எடை எவ்வளவு கூடும் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பையன் இன்னும் விளக்கை விடவில்லை. அத்தைக்கு வேண்டியது வெற்றிலைப் பெட்டி நகராமல் வைக்க ஓர் இடம்.