உடன் அழைத்துச் செல்லும் அன்பு



“பாஸ்டர், சனிக்கிழமை கார்க் கூடுகைக்கு எங்கள் நாயையும் அழைத்துச் செல்லலாமா?” என்று நம் சபையின் இளைஞர் ஒருவர் அண்மையில் கேட்டார். நாம் வாழும் தெற்குக் கலிஃபோர்னியாவில் இக்கூடுகைகள் புதியவை அல்ல. 2006 முதல் 2014 வரை அர்வைன் நகரில் சனிக்கிழமை அதிகாலைகளில் கூடிய ‘கார்ஸ் அண்ட் காஃபி’ இவற்றுள் பெயர்பெற்றது. காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, கையில் காபியுடன் பேசிக்கொண்டிருப்பதே அங்கு நிகழ்ச்சி. அதே பாணியில் இன்று பல ஊர்களில் மக்கள் கூடுகிறார்கள்.

அந்த இளைஞருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன்.

நம்மிடையே உள்ள மூத்த சகோதரர் ஒருவர், மனைவியை இழந்த பின் பல மாதங்கள் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. பின்னர் ஒரு சனிக்கிழமை தம் பழைய வால்வோ காரில் நாயை ஏற்றிக்கொண்டு இப்படியொரு கூடுகைக்குச் சென்றார். காரைக் கடந்து போனவர்கள் நாயைக் கண்டு நின்றார்கள். அதன் பெயரைக் கேட்டார்கள். பிறகு காரைப் பற்றியும், கடைசியில் அவரைப் பற்றியும் கேட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவர் வாரம் முழுவதும் காத்திருக்கத் தொடங்கினார். ஆகையால், அழைத்துச் செல்ல வேண்டாம் என்று நான் எளிதில் சொல்லிவிட மாட்டேன்.

ஆயினும் அந்த இடம் நாய்க்கு எப்படியிருக்கும் என்பதைச் சிந்தியுங்கள். நம் செவி ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கேட்கும். நாயின் செவியோ ஏறக்குறைய 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். புகைக்குழாய்களும் அதன் முகத்துக்கு நேராகவே இருக்கின்றன. நாம் காலணியுடன் நிற்கும் தார்த்தரையில் அது வெறும் பாதத்துடன் நிற்கிறது. நம்மைப் போல் உடலெங்கும் வியர்த்துக் குளிர்வதற்கும் அதனால் இயலாது. மூச்சிரைப்பதே அதற்குள்ள முக்கிய வழி. எனவே புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் தாங்க முடியாது.

தண்ணீரும் கிண்ணமும் எடுத்துச் செல்லுங்கள். இழுக்க இழுக்க நீளும் கயிற்றை விட்டு, 6 அடிக்கு மிகாத கயிற்றைப் பயன்படுத்துங்கள். பிறர் பல ஆண்டுகள் உழைத்துப் பளபளப்பாக்கிய வண்ணப்பூச்சில் ஒரு நகக்கீறல் விழுந்தாலும் அது அவர்களுக்கு இழப்பே. கார்களின் அடியில் சொட்டியிருக்கும் எதையும் நாய் நக்க விடாதீர்கள். ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்பு நீர்மத்தில் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால் உண்டு. அது இனிப்பானது, சிறிதளவே உட்சென்றாலும் சிறுநீரகங்களைக் கெடுக்கும். குழந்தைகள் தடவ வந்தால், முதலில் நாயின் முகத்தைப் பார்த்து அதன் பின்பு அனுமதியுங்கள்.

சோர்ந்துவிட்டதென்று அதைக் காருக்குள் பூட்டிவிட்டு நிற்காதீர்கள். வெளியே 21 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருக்கும் நாளிலும், மூடிய காரின் உட்புறம் அரைமணி நேரத்தில் 38 டிகிரியை எட்டக்கூடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. 2017 முதல் கலிஃபோர்னியச் சட்டம், இவ்வாறு ஆபத்தில் இருக்கும் விலங்கைக் காண்கிறவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, காரைத் திறந்து அதை மீட்கவும் இடமளிக்கிறது.

எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் வரும் பிலேயாமின் கழுதையை நினைத்துப் பாருங்கள். எஜமான் காணாததை அது கண்டு விலகியது. அவனோ மூன்று முறை அதை அடித்தான். நம் நாய்களும் தங்கள் உடலால் நம்மோடு பேசுகின்றன. வாலை ஒடுக்குவது, உதட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது, தூக்கமின்றிக் கொட்டாவி விடுவது, காதுகளைப் பின்னுக்குச் சாய்ப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது ஆகியவை அதன் அச்சத்தைக் காட்டும். அவற்றைக் கண்டும் “பழகிவிடும்” என்று கயிற்றை இழுப்பது நமக்கு அழகல்ல.

ஒரு காலையில் நான் அந்த மூத்த சகோதரரோடு இருந்தேன். தம்மைப் போலவே வால்வோ வைத்திருந்த ஒருவரிடம் அவர் மகிழ்ச்சியோடு பேசிக்கொண்டிருந்தபோது, சற்றுத் தள்ளி யாரோ இயந்திரத்தை உரக்க முடுக்கினார்கள். நாய் நடுங்கி அவர் கால்களுக்கிடையே ஒடுங்கியது. அவர் குனிந்து அதன் மார்பில் கைவைத்தார். “இவனால் முடியவில்லை, அடுத்த வாரம் பேசலாம்” என்று சொல்லிவிட்டு உடனே புறப்பட்டார். வந்து 10 நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அதன் பின்பு அவர் கூட்டம் சேருமுன்னே சென்று, ஓரத்து மரநிழலில் காரை நிறுத்துகிறார். சத்தம் எழுமுன் திரும்பிவிடுகிறார். வால்வோ நண்பரும் இப்போது அவர் அருகிலேயே நிறுத்துகிறார்.

அன்பானவர்களே, நாயை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அதன் பொருட்டுப் பாதியில் திரும்பவும் ஆயத்தமாயிருங்கள். கூட்டமும் இரைச்சலும் அதற்கு ஆகாது என்று கண்டால், அதை வீட்டின் நிழலில் விட்டுச் சென்று, திரும்பி வந்து மாலையில் உலாவ அழைத்துப் போங்கள். நம் மகிழ்ச்சிக்காக உடன் வரும் உயிரின் களைப்பையும் அறிந்து நடக்கும் அன்பில் நாம் பழகுவோமாக.